படகில் யார் இருக்கிறார்கள்?



"மலை ஏரியில 10 கிலோமீட்டர் நீந்தலாம்னு இருக்கேன் டாக்டர். உடம்பு தாங்குமா?"

மாரத்தான் ஓடி முடித்தவர்கள் இப்போது அடுத்த படியாக இதைக் கேட்கிறார்கள். நல்ல விஷயம். சர்க்கரையும் கொழுப்பும் ஏறிக்கிடக்கும் ஊரில் ஒருவர் நீந்தப் போகிறேன் என்றால் அரசு மருத்துவர் எதற்குத் தடுக்கப் போகிறார்?

என் பதில்: முறையாகப் பழகினால் தாங்கும்.

ஆனால் நான் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பேன். "கூட வர்ற படகுல யார் இருக்காங்க? அவர் 'போதும், ஏறு'ன்னு சொன்னா மறுபேச்சு இல்லாம ஏறுவீங்களா?"

இதற்குப் பதில் இல்லையென்றால் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

*

முதலில் நம் கடலைப் பற்றிக் கொஞ்சம்.

நெடுந்தூர நீச்சல் நமக்குப் புதிதல்ல. 1954-ல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1966-ல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். 1971-ல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் இக்கரைக்கு வந்து, அப்படியே திரும்பியும் போனார். மொத்தம் 51 மணி நேரம்! 1994-ல் நம்ம குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்தார்.

இவர்களில் யாரும் தனியாக நீந்தவில்லை. மிஹிர் சென்னுக்கு இந்தியக் கடற்படை துணைக்கு வந்தது. போட்டோவில் ஒரு தலையும் ஒரு கையும் மட்டும்தான் தெரியும். போட்டோவுக்கு வெளியே எப்போதும் ஒரு படகு இருக்கும்.

*

சரி, கடலுக்கும் மலை ஏரிக்கும் என்ன வித்தியாசம்?

பாக் நீரிணையில் தண்ணீர் பெரும்பாலும் 28, 29 டிகிரி செல்சியஸ் இருக்கும். உயரமான மலை ஏரிகளில் கோடையிலேயே 20-க்குக் கீழே இருக்கலாம். காற்றைவிடத் தண்ணீர் நம் உடம்புச் சூட்டை சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். 18 டிகிரி ஏசி அறையில் சுகமாகத் தூங்குபவர் 18 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் வெடவெடத்துப் போவது இதனால்தான்.

அடுத்து உயரம். கொடைக்கானல், ஊட்டி எல்லாம் 2,000 மீட்டருக்கு மேலே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் திண்டிவனத்தில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. (அந்த இரண்டு ஏரிகளும் படகு சவாரிக்கானவை. "டாக்டர் சொன்னாரு"ன்னு அங்கே போய்க் குதிச்சிடாதீங்க!)

மூன்றாவது, இது நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். ஏரித் தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. கால் தாழும், அதே தூரத்துக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படும்.

*

குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உடம்பில் என்ன நடக்கும்?

முதல் ஒன்றிரண்டு நிமிடம்: "ஹ்ஹா" என்று நம்மை அறியாமல் மூச்சை உள்ளிழுப்போம். மூச்சு படபடவென வாங்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் போகும். நல்ல நீச்சல்காரர்களும் கரையிலிருந்து பத்தடி தூரத்தில் மூழ்குவதற்கு இது ஒரு காரணம். அதனால் குதிக்கக் கூடாது. மெதுவாக இறங்கி, முகத்தை நனைத்து, மூச்சு சீரான பிறகே நீந்த வேண்டும்.

அடுத்த பத்து முதல் முப்பது நிமிடம்: கை, கால் தசைகள் குளிரும். விரல்கள் சேராது, கை வீச்சு குட்டையாகும். மனசு நீந்தச் சொல்லும், கை கேட்காது.

அதற்குப் பிறகு: உடம்பின் உள் வெப்பம் 37-லிருந்து இறங்கத் தொடங்கும். 35-க்குக் கீழே போனால் அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். 32-க்குக் கீழே போனால் நடுக்கமே நின்றுவிடும். பார்ப்பவர்கள் "நடுக்கம் நின்னுடுச்சு, பரவாயில்லை" என்று நினைப்பார்கள். உண்மையில் அது இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகக்கூடிய கட்டம்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

குளிர் மூளையையும் பாதிக்கும். யோசிக்கும் திறன், முடிவெடுக்கும் திறன் ஆரம்பத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். ஆக, நிறுத்த வேண்டிய நேரம் வந்ததா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய அதே உறுப்புதான் அந்த நேரத்தில் வேலை செய்யாது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பரா இருக்கேன், இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரிடம் "ஓட்ட முடியுமா?"ன்னு கேட்டா என்ன சொல்வார்? அதே கதைதான்.

எனவே நிறுத்தும் அதிகாரம் நீந்துபவரிடம் இருக்கக் கூடாது. அதை அவர் கரையிலேயே, தெளிவாக இருக்கும்போதே, இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும்.

*

"டாக்டர், மன உறுதி இருந்தா ஜெயிக்கலாம்னு சொல்றாங்களே?"

லூயிஸ் பியூ என்ற பிரிட்டிஷ் நீச்சல்காரர். 2010-ல் எவரெஸ்ட் பகுதியில், சுமார் 5,300 மீட்டர் உயரத்தில், 2 டிகிரி தண்ணீர் உள்ள பனி ஏரியில் 1 கிலோமீட்டர் நீந்தினார். அதற்கு முன் வட துருவத்திலேயே நீந்தியவர். ஆனாலும் இந்த ஏரியில் சோதனை நீச்சலில் வழக்கம்போல் வேகமாக நீந்தப் போய், மூச்சு முட்டி மூழ்கும் நிலைக்குப் போய்விட்டார். பிறகு திட்டத்தையே மாற்றி, வேகத்தைக் குறைத்து, மார்பு நீச்சலில் மெதுவாக 22 நிமிடம் 51 விநாடியில் முடித்தார். அவரைக் காப்பாற்றியது "விடாதே, முட்டு" என்ற வீம்பு அல்ல.

ஆரத்தி சாஹாவைப் பாருங்கள். 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார், முடிக்க முடியவில்லை. சுமார் ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று மறுபடி இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். முதல் முறை படகில் ஏறியதால்தான் இரண்டாவது முறை என்று ஒன்று வந்தது.

நம் ஆழிக்குமரன் ஆனந்தன் 1984 ஆகஸ்டில் அதே ஆங்கிலக் கால்வாய் முயற்சியில் உயிரிழந்தார். வெதுவெதுப்பான கடலில் 51 மணி நேரம் நீந்திய மனிதர். அந்த மரணத்துக்கு நான் ஒற்றைக் காரணம் கற்பிக்க மாட்டேன். ஆனால் எவ்வளவு பெரிய வீரருக்கும் தண்ணீர் சலுகை தருவதில்லை என்பதற்கு நமக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

குளிரில் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்தார். அங்கே தண்ணீர் சூடு. அவர் கரைக்கு வராததை முதலில் கவனித்துத் தேடச் சொன்னவர்கள் சக வீரர்கள். அதன் பிறகே தண்ணீரின் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டினால் போட்டி கூடாது என்று விதி வந்தது. நம்ம ஊர் மே மாதத்துக்கும் இது பொருந்தும்.

*

படகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

• நிமிடத்துக்கு எத்தனை கை வீச்சு என்று எண்ணிக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். 60-ல் ஆரம்பித்தவர் 45-க்கு இறங்கினால் எச்சரிக்கை.

• அரை மணிக்கு ஒருமுறை பானம் கொடுக்கும்போது ஒரு சின்னக் கேள்வி: "உங்க பொண்ணு எந்த கிளாஸ் படிக்கிறா?" பதில் குழறினால், தாமதமானால், எரிந்து விழுந்தால், வெளியே எடுக்க வேண்டும்.

• திசை மாறி மாறிப் போவது, கால் தாழ்வது, உதடும் விரலும் நீலம் பாய்வது, இருமல், நுரையாகச் சளி: இதில் எது வந்தாலும் நீச்சல் முடிந்தது. (நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோர்க்கும் பிரச்சினை ஒன்று உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதற்கான வாய்ப்பு கூடுதல்.)

நெடுந்தூர நீச்சலில் ஒரு விதி உண்டு. படகில் இருப்பவர் நீந்துபவரைத் தொட்டுவிட்டால் அந்த முயற்சி செல்லாது. ஒரு வருட உழைப்பு, லட்சக்கணக்கில் செலவு, எல்லாம் அந்த ஒரு தொடுதலில் முடிந்துவிடும். அதனாலேயே படகில் இருப்பவருக்குக் கை தயங்கும்.

ஆகவே, அந்தச் சாதனையில் லாபமோ பெருமையோ இல்லாத ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். ஸ்பான்சர் வேண்டாம். கேமரா பிடிப்பவர் வேண்டாம்.

குழந்தை நீந்தினால் அப்பா, அம்மாவும் வேண்டாம் என்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். "முடியலப்பா" என்று சொல்ல அந்தப் பிள்ளை பயப்படக்கூடும். "இன்னும் கொஞ்சம்தான் கண்ணு" என்று சொல்வது அப்பாவின் பாசம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் அங்கே தேவைப்படுவது ஒரு கறாரான அந்நியர்.

*

வெளியே எடுத்த பிறகு?

தண்ணீரை விட்டு வந்த பின்னும் அடுத்த 10 முதல் 30 நிமிடம் உள் வெப்பம் தொடர்ந்து இறங்கும். "ஏறிட்டேன், தப்பிச்சேன்" என்று நிம்மதி அடையும் நேரத்தில்தான் பலர் மயங்கி விழுவார்கள்.

படுக்க வையுங்கள். ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, கம்பளி போர்த்துங்கள். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் சூடாக இனிப்புப் பானம். சுடுதண்ணீர்க் குளியல் கூடாது. கை காலைத் தேய்க்கக் கூடாது. பிராந்தி கூடவே கூடாது.

மூச்சு இல்லையென்றால் உடனே 108-க்கு அழைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பு அழுத்தம் தொடங்க வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் நேரத்தை வீணாக்கி உயிரை எடுக்கும்.

இறங்கும் முன்: ரத்த அழுத்தம், இசிஜி பாருங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், நீந்தும்போது எப்போதாவது மயங்கியவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்தவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இறங்கவே கூடாது.

*

"மலை ஏரிக்கெல்லாம் நாங்க எங்க போகப் போறோம் டாக்டர்?"

நியாயம்தான். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏரி இல்லாத ஊர் ஏது? வீடூர் அணை இருக்கிறது, மரக்காணத்தில் கடல் இருக்கிறது, வயலுக்கு வயல் கிணறு இருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது தண்ணீர் நம்மைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்தது.

இந்தியாவில் ஆண்டுக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஆங்கிலக் கால்வாயிலா? இல்லை. இதுபோன்ற ஏரி, குளம், கிணறு, ஆறுகளில். நம் ஏரியில் மண் எடுத்த பள்ளம் மேலிருந்து தெரியாது. மதகுப் பக்கம் தண்ணீர் இழுக்கும். அடியில் கருவேல முள்ளும் சேறும் இருக்கும். "எனக்கு நீச்சல் தெரியும்" என்று ஒருவர் இறங்கி, அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி, இரண்டு பேருமே போன செய்தியை எத்தனை முறை படித்திருப்போம்?

நம் தாத்தாக்கள் கிணற்றில் எப்படி நீச்சல் பழக்கினார்கள்? பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டு, மறுமுனையை ஒருவர் மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் கண் வேறு எங்கும் போகாது. பிள்ளை மூச்சு வாங்கினால் இழுத்துவிடுவார், பிள்ளையிடம் அனுமதி கேட்க மாட்டார்.

எவரெஸ்ட் ஏரிக்கும் நம்ம ஊர்க் கிணற்றுக்கும் பாடம் ஒன்றுதான். நீந்துபவருக்குத் திறமை வேண்டும். அவரை இழுக்க ஒருவருக்கு அதிகாரம் வேண்டும்.

எனவே,

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

தனியாக யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள். கரையில் ஒருவர் கயிறோ, டியூபோ, மூடி போட்ட காலி கேனோ வைத்துக்கொண்டு, போனைப் பார்க்காமல் நிற்கட்டும்.

யாராவது மூழ்கினால் குதிக்காதீர்கள். கயிறை, துண்டை, கேனை வீசுங்கள்.

மலை ஏரியில் சாதனை செய்யும் ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், கைதட்ட நானும் வருகிறேன். ஆனால் இறங்கும் முன் படகில் இருப்பவரைப் பார்த்து, "நீங்க சொன்னா நான் ஏறிடுவேன்" என்று வாயால் சொல்லிவிட்டு இறங்குங்கள்.



அரசு மருத்துவர்,
திண்டிவனம்