வாய்க்கால் மூடியும் பத்து மில்லியும்

போன மழைக்கு முன்னாடி எங்க பிக்கட்டிப் பக்கம் ஒரு ரோட்டுல, குறுக்கு வாய்க்காலுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டாங்க. எஸ்டிமேட்ல இருந்தது 50 மில்லி உயரம், 10 மில்லி கனமுள்ள பட்டை, கால்வனைஸ் பண்ணினது. வந்து இறங்கினது 40 மில்லி பட்டை, மேல சில்வர் பெயிண்ட்.

கேட்டேன். "பத்து மில்லிதானேண்ணா குறைச்சல், அந்த சைஸ் கிடைக்கலை" என்றார் கான்ட்ராக்டர்.

பத்து மில்லிதானா? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 50க்கு 10 பட்டை மீட்டருக்கு சுமார் 3.9 கிலோ. 40க்கு 10 என்றால் 3.1 கிலோ. எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. ஆனா நெட்டுக்கு நிற்கிற பட்டையோட பலத்துக்கு, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கணும். 50க்கு 50 என்றால் 2500, 40க்கு 40 என்றால் 1600. மூணுல ஒரு பங்குக்கு மேல பலம் போச்சு. அது மேலதான் தேயிலை ஏத்தின வண்டி போகணும். பெயிண்ட் எங்க மழைக்கு எத்தனை நாள் தாங்கும்?

மாத்துறதே தப்புன்னு நான் சொல்லலை. இரும்பு மூடியைத் திருடி எடைக்குப் போடுறவங்க இருக்காங்க, அதனால சிமென்ட் மூடி கேட்கிறதும் நியாயம்தான். அதுக்கும் ஐ.எஸ். 12592 இருக்கு, நடைபாதைக்கு எல்.டி., கனரக வண்டிக்கு எச்.டி. என்று வகை பிரிச்சிருக்காங்க. ஆனா துளை சின்னதா இருந்தா சருகு அடைச்சுக்கும். தண்ணி வாய்க்கால்ல இறங்காம ரோட்டு மேலேயே ஓடி, கீழே என் தேயிலைத் தோட்டத்து மண்ணை அரிச்சுட்டுப் போகும். 2019 ஆகஸ்ட்ல பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டின ஊருங்க இது.

அதனால பொருளை மாத்தினா நாலு கேள்வி கேட்கணும். அதே பாரம் தாங்குமா? அதே அளவு தண்ணி இறங்குமா? அத்தனை வருஷம் உழைக்குமா? விலை குறைஞ்சா பில்லும் குறையுமா? நாலுக்கும் பதிலை இன்ஜினியர் எழுத்துல, வேலைக்கு முன்னாடியே தரணும். போட்ட பிறகு சொல்ற சமாதானத்தை ஏத்துக்கக் கூடாது.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் இது பொருந்தும். 2005 தகவல் உரிமைச் சட்டத்துல காகிதம் மட்டுமில்ல, வேலையை நேர்ல பார்வையிடவும், பொருளோட சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் உரிமை இருக்கு. உங்க தெரு மூடியை ஒருநாள் டேப் வச்சு அளந்து பாருங்க. நான் அளந்ததை எழுதி மனு கொடுத்திருக்கேன். பதில் வந்ததும் இங்கேயே சொல்றேன்.