இஷா பாங்கும் முதல் ஓவரும்



2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். மஃரிபுக்குப் பிந்தைய மக்தப் வகுப்பில் பிள்ளைகளுக்கு அல்அஸ்ர் அத்தியாயத்தை ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினொரு வயது மாணவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

“ஹஜ்ரத், சி.எஸ்.கே. ஜெயிக்கணும்னு துஆ கேட்கலாமா? தப்பா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கேட்ட பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. சென்னை அணி அப்போது தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றிருந்தது. அவருக்கு அது உண்மையான துக்கம். “அல்லாஹ்விடம் எதையும் கேட்கலாம், அதைவிடப் பெரியவற்றையும் கேட்கப் பழகு” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

வீடு திரும்பும் வழியில் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. துக்கம் வந்ததும் அந்தப் பிள்ளை படைத்தவனை நினைத்தாரே, அது நல்ல அடையாளம். ஆனால் அந்த வயதில் அவருடைய இரவையும் பகலையும் ஒரு விளையாட்டு அட்டவணை ஆள்கிறது என்றால், அதற்கு இடம் கொடுத்தவர்கள் யார்? காலத்தின் மீது அல்லாஹ் சத்தியம் செய்யும் அத்தியாயத்தைக் கற்பிக்கும்போது இக்கேள்வி எழுந்தது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன்.

ஒரு முன்னிரவும் ஒரு வைகறையும்

ஐ.பி.எல். ஆட்டங்கள் மாலை ஏழரைக்குத் தொடங்குகின்றன. மே மாதத்தில் தாம்பரம் பகுதியில் இஷாவின் நேரமும் ஏறத்தாழ அதுவே. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும்போது வீட்டுக்கூடத்தில் முதல் ஓவர் வீசப்படுகிறது. ஏறக்குறைய இரண்டு மாதங்கள், அநேகமாக ஒவ்வோர் இரவும், நம் பிள்ளைகள் இவ்விரு அழைப்புகளுக்கும் நடுவே நிறுத்தப்படுகிறார்கள்.

2025ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் சென்னை அணி மும்பை அணியை எதிர்கொண்டது. நாம் ரமலானின் 22ஆம் நோன்பைத் திறந்த மாலை அது. அந்த மாலையோடு தொடங்கியது கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளுள் ஒன்று. லைலத்துல் கத்ரைத் தேடும்படி நமக்குச் சொல்லப்பட்ட இரவு. 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் அந்த மைதானத்திற்கு அருகிலேயே இருக்கிறது. ஒரே வட்டாரத்தில் இரண்டு கூட்டங்கள். நம் இளைஞர்களில் எத்தனை பேர் எந்தக் கூட்டத்தில் மனத்தை வைத்திருந்தார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

பிறரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. 2023ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மே 29 இரவு அகமதாபாத்தில் நடந்தது. ஜடேஜா கடைசி இரு பந்துகளில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்து வெற்றி தேடித் தந்தபோது மணி நள்ளிரவு தாண்டி ஒன்றரை. நானும் பார்த்தேன். தெருவில் வெடித்த பட்டாசுச் சத்தத்தையும் கேட்டேன். நான்கரைக்கு முன்பே ஃபஜ்ர் பாங்கு சொல்லப்பட்டது. நான் ஓடிச் சேர்ந்தபோது முதல் ரக்அத் முடிந்திருந்தது. வழக்கமாக இரண்டு ஸஃப் நிற்கும் எங்கள் மஹல்லாவில் அன்று ஒரு ஸஃப் கூட நிறையவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

மார்க்கம் விளையாட்டின் பகையன்று

இதைச் சொன்னதும், “அப்படியானால் கிரிக்கெட்டே கூடாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே, ஹஜ்ரத்?” என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். அவர்களின் பேணுதலை மதிக்கிறேன். ஆயினும் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு நமக்கு வேறொரு நிதானத்தைக் காட்டுகிறது. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் மேலாடையால் மறைத்து நின்று, அவர்கள் பார்த்துச் சலிக்கும்வரை காத்திருந்தார்கள். அவர்களோடு ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள். குடும்பத்தோடு சிரித்து மகிழும்போது ஈமானின் உணர்வு குறைகிறதே, நாம் நயவஞ்சகர் ஆகிவிட்டோமோ என்று ஹன்ளலா (ரலி) அவர்கள் கலங்கியபோது, இதற்கும் ஒரு நேரம், அதற்கும் ஒரு நேரம் என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள்.

விளையாட்டுக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தை நாம் வகுக்கிறோமா, அது நம்மை வகுக்கிறதா என்பதே கேள்வி.

தோல்வியைத் தாங்கும் பாடமும் அங்கேயே இருக்கிறது. நபியவர்களின் அள்பா என்னும் ஒட்டகம் பந்தயத்தில் தோற்றதே இல்லை. கிராமவாசி ஒருவரின் ஒட்டகம் ஒருநாள் அதை முந்தியது. தோழர்கள் மனம் வருந்தினார்கள். உலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை அணி 2025இல் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. அப்போது அந்த மாணவரை அழைத்து அள்பாவின் நிகழ்ச்சியைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அந்த ஒட்டகமும் தோத்துச்சா ஹஜ்ரத்?” என்று கேட்டார். அவர் முகம் தெளிந்தது. முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

பந்தயம் என்னும் படுகுழி

ஆட்டத்தைப் பார்ப்பது ஒன்று, அதில் பணம் கட்டுவது வேறு. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், நல்ல குடும்பம், வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டு, கைப்பேசிச் செயலியில் ஐம்பது ரூபாயில் தொடங்கினார். தங்கையின் நிக்காஹுக்கென்று அவருடைய அத்தா சேர்த்துவைத்த தொகையில் கைவைக்கும்வரை வீட்டில் எவருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு தகப்பனும் மகனும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

சூது மனிதருக்கிடையே பகையை மூட்டும், அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கும் என்று அல்மாயிதா அத்தியாயம் காரணத்தோடு எச்சரிக்கிறது. அந்த வீட்டில் அவ்விரண்டுமே நடந்தன. தமிழக அரசு 2022இல் இணையச் சூதாட்டத்திற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் சட்டம் செயலியை மூடலாம், ஆசையை மூடாது. தடை செய்யப்பட்டவை வேறொரு சுட்டியாக வந்து சேரும். “மகனே, உன் கைப்பேசியை இங்கே கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லும் உறவு தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்க வேண்டும். அதட்டி வாங்கிப் பார்ப்பதால் அந்த உறவு வளராது.

நம் வார்டு எண் என்ன?

விளையாட்டில் காணும் அதே வெறி அரசியலிலும் இருக்கிறது. தேநீர்க் கடையில் டெல்லியைப் பற்றியும் வாஷிங்டனைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். கட்சிக்காகச் சொந்தச் சகோதரனை ஏளனப் பெயரிட்டு அழைக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்ததை வந்த வேகத்திலேயே அனுப்புகிறோம். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்னும் கருத்துடைய நபிமொழியை மேடையில் கேட்டுத் தலையசைத்தவர்களும் அதையே செய்கிறார்கள்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, வசந்தகுமாரி முதல் மேயரானார். மக்தபில் பெரிய பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். சென்னை அணியின் பதினொருவரையும் வரிசையாகச் சொன்னார்கள். தங்கள் வார்டு எண்ணைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஜமாஅத் கூட்டத்தில் பெரியவர்களிடம் கேட்டபோதும் ஏறக்குறைய அதே நிலைதான்.

மழைநீர் வடிகாலும், தெருவிளக்கும், பிள்ளைகள் ஆடும் இடமும் அந்த எண்ணோடு தொடர்புடையவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, வாசலில் நின்றவரிடம் எவரும் கட்சியையோ மதத்தையோ கேட்கவில்லை. சோறு ஆக்கினோம், கொடுத்தோம். அப்படிப்பட்ட அண்டை வீட்டு உரிமையே நம் அரசியலின் தொடக்கமாக இருக்கட்டும்.

நகரம் எடுத்துக்கொள்ளும் நேரம்

இவ்வளவும் பேசிவிட்டு, தகப்பன்மார்களின் சிரமத்தைச் சொல்லாமல் விட்டால் அநீதியாகும். காலை ஏழு மணிக்கு மின்சார ரயிலைப் பிடித்து, இரவு ஒன்பதுக்கு ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலைக் கடந்து வீடு சேரும் மனிதர், களைப்பில் திரையின் முன் சாய்வதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நகரம் அவருடைய நாளை எடுத்துக்கொண்டது. மீதமிருக்கும் ஒரு மணி நேரத்தைத்தான் திரை கேட்கிறது.

ஆனால் அந்தப் பயணத்துக்குள்ளேயும் நேரம் இருக்கிறது. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடுகிறது. முழுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்கள் மஹல்லாவில் தினமும் அதில் செல்லும் சகோதரர் ஒருவர், போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம் என்று குர்ஆன் ஓதுகிறார். 604 பக்கங்கள், 302 வேலை நாட்கள். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு கத்தம். அவரும் கிரிக்கெட் பார்ப்பவர்தான். ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் என்று நபியவர்கள் எச்சரித்ததை, அவர் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து நடைமுறைப்படுத்துகிறார்.

மறுப்பதோடு நிற்காமல்

பெற்றோர்களே, ஜமாஅத் நிர்வாகிகளே, நான் கேட்பவை மூன்றுதான்.

ஒன்று, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் டியூஷன், டியூஷன் முடிந்ததும் மக்தப் என்று ஓடும் பிள்ளை எப்போது ஆடும்? உடல் ஆடாத பிள்ளைதான் இரவில் பிறர் ஆடுவதைப் பார்த்துப் பசி தீர்த்துக்கொள்கிறது. மனைகளாகிவிட்ட காலியிடங்களை மீட்க முடியாது. இருக்கும் மைதானங்களையும் ஏரிக்கரைப் பூங்காக்களையும் கேட்டுப் பராமரிக்க வைக்கலாம். பெண்பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள் என்று நம்மில் எவருமே கேட்பதில்லை. பூட்டிய மொட்டை மாடியைத் திறந்துவிடுவதிலிருந்தாவது தொடங்குவோம்.

இரண்டு, இஷா பாங்கு சொன்னால் திரை அணையட்டும். அணைப்பவர் தகப்பனாக இருக்கட்டும், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே புறப்படட்டும். ஃபர்ளும் சுன்னத்தும் வித்ரும் முடித்துத் திரும்பினாலும் ஆட்டம் அங்கேயேதான் இருக்கும். சில ஓவர்கள் போயிருக்கும், அவ்வளவே. நள்ளிரவு தாண்டும் ஆட்டமானால் முடிவைக் காலையில் ஃபஜ்ருக்குப் பிறகு அறிந்துகொள்ளலாம். 2023இல் நான் செய்யத் தவறியது அது.

மூன்று, மறுக்கும்போது காரணத்தையும் சொல்லுங்கள். வெறுமனே “ஹராம்” என்று சொல்லி முடித்துவிட்டால் பிள்ளை சலூனிலும் நண்பன் வீட்டிலும் ஒளிந்து பார்க்கும். ஒளிக்கப் பழகிய பிள்ளை, பிறகு பெரியவற்றையும் ஒளிக்கும்.

அந்த மாணவர் இப்போது அல்அஸ்ரை மனனமாக ஓதுகிறார். சென்ற வாரம் வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, “ஹஜ்ரத், எங்க வார்டு நம்பர் தெரிஞ்சுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு ஓடினார். எங்கே என்று கேட்கவில்லை. பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வெளியே டென்னிஸ் பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

யா அல்லாஹ், எங்கள் ஓய்வையும் உழைப்பையும் உன் பொருத்தத்திற்குள் ஆக்கித் தருவாயாக. எங்கள் பிள்ளைகளின் காலத்தில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.