பெட்டியா, நெட்டா? கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்

சுந்தரபாண்டியத்தில் நமது மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் பருப்பு ஏறுமா, பாமாயில் இறங்குமா என்றுதான் கேட்பார்கள். இப்போது சிட்டை எழுதி முடிப்பதற்குள் இன்னொரு கேள்வியும் வந்துவிடுகிறது. "அண்ணாச்சி, கேபிள் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நெட்டில் டி.வி. பார்த்தால் மிச்சமாமே, நிசமா?" வத்திராயிருப்புப் பக்கத்துக் கடைக்காரரும் கேட்கிறார், கிருஷ்ணன்கோவில் டீக்கடைக்காரரும் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் நமது இதழிலேயே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். இயந்திரத்தின் உள்விவரம் நமக்குத் தெரியாது. ஆனால் சரக்கு என்று ஒன்று வந்தால் அடக்கம் என்ன, கழிவு என்ன, திரும்பக் கொடுத்தால் எடுத்துக்கொள்வானா என்று பார்க்கத் தெரியும். அந்த அளவில்தான் சொல்கிறோம்.

பெட்டி ஒன்றும் புது விவகாரம் அல்ல. இந்தியாவிலேயே முதலில் செட்டாப் பாக்ஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தது சென்னையில்தான், 2003 செப்டம்பர் 1-ல். நம் பக்கத்துக்கு அது வர வெகு காலம் ஆயிற்று. 2007-ல் தொடங்கிய அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தபோது, பெட்டி இல்லாமலே ஒயரை நேராகச் சொருகிப் பார்த்தோம். அந்த நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017-ல். அதன் பிறகே இலவசப் பெட்டிகள் வீடு வீடாக வந்தன. 70 ரூபாய்க் காலத்தை நினைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் பலர் "கேபிள்காரன் கொள்ளையடிக்கிறான்" என்கிறார்கள். அது நியாயம் இல்லை.

விலை ஏறியதற்குக் காரணம் 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த முறை. முதலில் இணைப்புக்கு 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சானல்களுக்கு அதற்கு மேல் தனித்தனி விலை. 19 ரூபாய்ச் சானல் ஒன்றைத் தனியாக எடுத்தால் வரியோடு 22 ரூபாய் 42 காசு. அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது. இந்தப் பணத்தில் பெரும்பகுதி சானல்காரர்களுக்கும் மேலே உள்ள நிறுவனத்துக்கும் போகிறது. தெருவில் சைக்கிளில் வந்து வசூலிக்கிற தம்பிக்கு நிற்பது, நாம் சீனி மூட்டையில் பார்க்கிற லாபம் போலத்தான்.

இனி நெட்டுக்கு வருவோம். "149 ரூபாய்தான் அண்ணாச்சி, மூன்று மாதத்துக்கு" என்று ஒருவர் போனை நீட்டினார். ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது அப்படி ஒரு திட்டம் வந்தது உண்மை. ஆனால் அது மொபைலுக்கு மட்டும். வீட்டில் சுவரில் மாட்டிய டி.வி.யில் ஓடாது. டி.வி.யிலும் பார்க்கிற திட்டத்துக்கு அப்போது ஆண்டுக்கு 899 ரூபாய். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மாதத் திட்டமும் மொபைல் திட்டமே. சன் டி.வி. தொடர் வேண்டும் என்றால் அது சன் நெக்ஸ்டில் இருக்கிறது, அதற்கு வேறு பணம். ஒரே வீட்டில் ஒருவருக்கு விஜய் டி.வி., இன்னொருவருக்கு சன் டி.வி. என்றால் இரண்டு கடையில் கணக்கு வைத்த மாதிரி.

இதற்கெல்லாம் அடியில் இன்டர்நெட் செலவு இருக்கிறது. போனில் வருகிற ஒன்றரை ஜி.பி.யை வைத்து டி.வி. ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். தெளிவான எச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும். அரை மணியில் அன்றைய கோட்டா தீர்ந்துவிடும். அப்புறம் வாடிக்கையாளர் யு.பி.ஐ.யில் பணம் போட்டது வந்ததா என்று பார்க்கக்கூட போன் சுற்றிக்கொண்டே நிற்கும். பைபர் லைன் வேண்டும். 399 ரூபாய் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் வரியோடு 470 ரூபாய் 82 காசு. ஆண்டுக்கு 5,650 ரூபாய். மேலே சொன்ன 899-ஐச் சேர்த்தால் 6,550. பெட்டிக்கு மாதம் 250 ரூபாய் போனாலும் ஆண்டுக்கு 3,000தான்.

அப்படியானால் பெட்டிதான் லாபம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. நமது மகன் இந்த இடத்தில்தான் நம்மை மடக்கினான். "அப்பா, விருதுநகரிலிருந்து ஒரே லாரியில் பருப்பும் எண்ணெயும் வந்தால் வாடகை முழுவதையும் பருப்பின் தலையிலா போடுவீர்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பைபர் லைன் டி.வி.க்கு மட்டும் இல்லை. ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவது, இ-வே பில் போடுவது, பேரப்பிள்ளைகள் படிப்பது எல்லாம் அதில்தான் நடக்கிறது. வாடகையைப் பிரித்துப் போட்டால் டி.வி.யின் பங்குக்கு வருவது மூன்றில் ஒன்று. ஆகவே ஏற்கெனவே கடைக்கோ வீட்டுக்கோ பைபர் இழுத்தவருக்கு நெட் டி.வி. கட்டுப்படியாகும். டி.வி.க்காகவே பைபர் இழுக்கிறவருக்குக் கட்டுப்படியாகாது.

பணம் போக மற்ற சங்கதிகளும் உண்டு. நமது தாயாருக்கு ரிமோட்டில் எந்த எண்ணை அழுத்தினால் எந்தச் சானல் என்று மனப்பாடம். ஆப்பைத் திறந்து, பெயரைத் தேடி, அம்புக்குறியை நகர்த்தி... அது அவர்களால் ஆகாது. கிரிக்கெட்டிலும் நெட் சில விநாடி பின்தங்கித்தான் வருகிறது. பக்கத்துக் கடையில் "அவுட்!" என்று கத்திய பிறகு நம் கடையில் பந்து வீசுகிறான். மழைக்காலத்தில் டிஷ் வைத்தவர்களுக்குப் படம் அறுந்துபோகும் என்பது மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேபிளும் சுத்தம் என்று சொல்ல முடியாது. 2022 நவம்பரில் அரசு கேபிள் பெட்டிகள் பல ஊர்களில் நாள்கணக்கில் படம் தராமல் நின்றதை யார் மறந்திருப்பார்கள்? அப்போது கேபிள் தம்பியிடம் போய்ச் சண்டை போடவாவது முடிந்தது.

நெட்காரனிடம் சண்டை போட ஆள் கிடையாது. அதை நாம் நம் செலவிலேயே கற்றுக்கொண்டோம். மகன் ஒரு ஆண்டுச் சந்தாவை நமது கரண்ட் அக்கவுண்டோடு சேர்த்து வைத்திருந்தான். ஆண்டு முடிந்ததும் அது தானாகவே 1,499 ரூபாயை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு விருதுநகர் பருப்பு வியாபாரி ஒருவருக்கு நாம் கொடுத்த செக் பாங்குக்கு வந்திருந்தது. கணக்கைச் சரியாக மட்டாக்கி வைத்திருந்ததால் 1,200 ரூபாய்க் குறைவில் செக் திரும்பிவிட்டது. நாற்பது வருஷ வியாபாரத்தில் முதல் தடவை. அவர் போனில் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவர் ஏசியிருந்தால்கூடத் தேவலை.

குற்றம் நம்முடையதுதான். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் முதல் இருக்கிறது. தகவலும் வந்திருந்தது, இங்கிலீஷில், நாற்பது மெசேஜ்களுக்கு நடுவே. நாம் படிக்கவில்லை. ஆகவே நம் வணிகர்களுக்குச் சொல்கிறோம்: உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோ பே என்று ஒரு பகுதி இருக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து இன்றைக்கே திறந்து பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். டி.வி. சந்தா எதையும் வியாபாரக் கணக்கோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

கடையில் டி.வி. வைத்திருக்கிற டீக்கடை, ஓட்டல்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இந்த நெட் சந்தாக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு அல்ல என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறார்கள். வீட்டுச் சந்தாவில் கடையில் மாட்ச் போட்டுக் கூட்டம் சேர்ப்பது பின்னால் வம்பாகலாம். கடைக்குக் கேபிள் பெட்டியே போதும். செய்தியும் பொதிகையும் (2024 ஜனவரி முதல் டி.டி. தமிழ் என்று பெயர்) போதும் என்கிறவர்கள் தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் வைக்கலாம். மாதக் கட்டணமே இல்லை. கட்டணச் சானல்கள் அதில் வராது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது வாங்குகிறவர் கணக்கு. விற்கிறவர் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கட்டண டி.டி.எச். சந்தாதாரர்கள் 2021 மார்ச்சில் நாடு முழுவதும் ஏறத்தாழ 7 கோடி பேர் இருந்தார்கள். 2025 மார்ச்சில் 5.7 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது என்று டிராய் கணக்கு. கேபிளிலும் அதே இறக்கத்தை நம் தெருவில் கண்ணால் பார்க்கிறோம். நமது தெருக் கேபிள் தம்பி, நம்மிடம் சரக்கெடுக்கிற சில்லறைக் கடையில் பற்று வைத்திருக்கிறார். அவருக்கு வசூல் குறைந்ததும் அந்தப் பற்று நின்றது. அந்தக் கடைக்காரர் நமக்குத் தர வேண்டியது இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று. பம்பாய் கம்பெனிக்குப் போகிற 149 ரூபாய் நம் ஊரில் யார் பேரேட்டிலும் வரவாக ஏறாது. இதற்காக யாரும் தருமத்துக்குக் கேபிள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், வாடிக்கையாளர் தருமத்துக்கு நம் கடைக்கு வர வேண்டும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

விளம்பரம் விஷயத்தில்தான் நமக்கு நேரடி நட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை உள்ளூர் சானலில் காட்டும்போது கீழே கடைப் பெயர் ஓடுவதற்கும், தீபாவளிக்குப் பத்து நாள் ஜவுளி, மளிகை விளம்பரம் ஓடுவதற்கும் நாம் பணம் கட்டி வருகிறோம். பெட்டி குறையக் குறையப் பார்க்கிறவர் குறைகிறார். கட்டணம் மட்டும் குறையவில்லை. நெட் டி.வி.யில் வருகிற விளம்பரங்களோ வேறு மாதிரி. பத்து நிமிடத்தில் வீட்டுக்கு மளிகை கொண்டுவருகிறோம் என்கிறவர்கள்தான் அதில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவர்கள் வண்டி நம் ஊர்ப் பக்கம் இன்னும் வரவில்லை. விளம்பரம் முன்னாலேயே வந்துவிட்டது.

நாம் என்ன செய்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். கடையில் பெட்டி அப்படியே இருக்கிறது. வீட்டில் தாயாருக்காகப் பெட்டி, பிள்ளைகளுக்காகப் பைபர். அந்தப் பைபரைக் கேபிள் தம்பியிடமே எடுத்தோம். அவரும் இப்போது இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறார். லைன் போனால் சைக்கிளில் வருகிறார். பெட்டியை எடுத்துவிடுகிறவர்கள் அதை ஆபரேட்டரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிக்கு உதவாது; எந்தப் பெட்டியும் எங்கும் பொருந்த வேண்டும் என்று டிராய் 2020-ல் பரிந்துரைத்ததோடு சரி.

விளம்பரப் பணத்தில் இந்த ஆண்டு பாதியைத்தான் கட்டியிருக்கிறோம். மீதியைக் கட்டுவதற்கு முன் வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், மகாராஜபுரம் மூன்று ஊரிலும் இன்றைக்கு ஓடுகிற பெட்டி எத்தனை என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று போயிருக்கிறார்.