ஆணிப்பொன்னும் பொன்னாணியும்

தமிழில் ஆணிப்பொன் என்றால் மாற்றுக் குறையாத பொன். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் 1869-ல் இணைத்த ரயில் பாதைக்குக் கடைசியாக வைத்த ஆணியும் பொன்தான். ஆனால் 17.6 காரட், செம்பு கலந்தது. மாற்று மட்டுமல்ல, அதில் பொறித்த தேதியும் சரியில்லை.

யூட்டா பிரதேசத்தின் புரோமன்டரி சம்மிட்டில் விழா நடந்தது மே 10-ல். ஆணி சொல்வதோ மே 8. திட்டமிட்ட நாளை முன்கூட்டியே பொறித்துவிட்டார்கள். சென்ட்ரல் பசிபிக் தலைவர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் மேற்கிலிருந்து நேரத்துக்கு வந்து காத்திருந்தார். கிழக்கிலிருந்து வரவேண்டிய யூனியன் பசிபிக் துணைத் தலைவர் தாமஸ் டுராண்ட் வந்து சேரவில்லை. மழையில் பாதை பழுதானது ஒரு காரணம். இன்னொரு காரணம் கூலி பாக்கி. வையோமிங்கில் பீட்மான்ட் என்ற இடத்தில், சம்பளம் கிடைக்காத தொழிலாளர்கள் அவருடைய ரயில் பெட்டியை மறித்து நிறுத்திவிட்டார்கள். (டுராண்டே ஏற்பாடு செய்த நாடகம் அது என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆசாமி அப்படிப்பட்டவர்.)

விழாவிலும் தங்க ஆணியைச் சம்மட்டியால் அறையவில்லை. முன்பே துளையிட்ட லாரல் மரக்கட்டையில் அதைச் செருகினார்கள். ‘முடிந்தது' என்று தந்தி பறந்தது. சற்று நேரத்தில் ஆணியையும் கட்டையையும் எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டையைப் போட்டு இரும்பு ஆணி அடித்தார்கள். ரயிலின் பாரத்தைத் தாங்கியது அதுதான்.

சியரா நெவாடாவின் கருங்கல்லைக் குடைந்து சென்ட்ரல் பசிபிக் பாதையைக் கொண்டுவந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். வெள்ளையருக்குக் கூலியோடு சாப்பாடும் உண்டு. இவர்கள் தங்கள் கூலியிலிருந்தே சாப்பிட வேண்டும். 1867 ஜூனில் சம கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கத்தியின்றி, ரத்தமின்றி அமைதியாக நடந்த போராட்டம். நிர்வாகம் மலைக்குப் போகும் உணவுப் பொருளை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது.

புரோமன்டரியில் இரண்டு எஞ்சின்கள் எதிரெதிரே நிற்க ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் சீன முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடைச் சட்டம் வந்தது. 1969-ல் நூற்றாண்டு விழா மேடையில் பேசிய போக்குவரத்து அமைச்சர் ஜான் வோல்ப், சுரங்கப் பாதைகள் குடைந்த பெருமை முழுவதையும் அமெரிக்கர்களுக்கே கொடுத்தார். அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் கௌரவப் பட்டியலில் அந்தச் சீனர்களைச் சேர்த்தது 2014-ல்.

தங்க ஆணி ஸ்டான்ஃபோர்ட் பெயரிலுள்ள பல்கலைக்கழகத்தின் வசம் பத்திரமாக இருக்கிறது. கம்பெனி இயக்குநர்களின் பெயர்களும், மே 8 என்ற தேதியும் அதில் இன்னும் தெளிவாகவே தெரிகின்றன.