55 என்பது எந்த ஊர்க் கணக்கு?

55 வயதானால் பரிசோதனையே வேண்டாம், எல்லோருக்கும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் கொடுங்கள், ஹைதராபாத் மாத்திரை நிரூபித்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். எதை நிரூபித்தது? ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் தயாரித்த, ஸ்டாட்டினோடு வேறு மருந்துகளும் சேர்ந்த அந்தக் கூட்டு மாத்திரையை ‘அம்பயர்’ ஆய்வு 2,004 பேரிடம் சோதித்தது. அத்தனை பேரும் ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் வந்தவர்கள், அல்லது வரும் அபாயம் மிகுந்தவர்கள். 2013இல் வந்த முடிவு: கூட்டு மாத்திரைக்காரர்களில் 86 சதவீதம் பேர் மருந்தை விடாமல் சாப்பிட்டார்கள், வழக்கமான சிகிச்சையில் 65. நல்ல செய்திதான். ஆனால் மாரடைப்பு குறைந்ததாக அது காட்டவில்லை.

55 என்பது 2003இல் லண்டனில் வால்ட், லா என்ற ஆய்வாளர்கள் போட்ட கோடு. ஆனால் மாரடைப்பு பற்றிய இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசிய நோயாளிகளில் பாதிப் பேருக்கு முதல் மாரடைப்பு 53 வயதுக்குள்ளேயே வந்திருந்தது. சர்க்கரையும் சிகரெட்டுமாக சார்மினார் பக்கம் ஆட்டோ ஓட்டும் 45 வயதுக்காரருக்குக் கட்டுரையாளர் என்ன சொல்வார், பத்து வருஷம் பொறுங்கள் என்றா?