அந்நிய யோசனையும் நமது பட்டறைகளும்

சிறுதொழில் நடத்துவோருக்கு யோசனை கூறுவதற்கென்று வெளிநாடுகளிலிருந்து பணமும் நிபுணர்களும் வருவது நமக்குப் புதிதன்று. அதனை உபகாரமென்று கைகூப்புவோரும் உளர். அடிமைத்தனமென்று வெறுப்போரும் உளர். இரு கட்சியாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. வந்தவர் சென்ற பின் நம்மிடம் தங்குவது யாது?

1953-ம் வருஷத்தில் இந்திய சர்க்காரின் அழைப்பின்பேரில், அமெரிக்க போர்டு பவுண்டேஷனின் ஆதரவுடன் சர்வதேச நிபுணர் குழுவொன்று நமது சிறுதொழில்களை ஆராய வந்தது. அதன் அறிக்கையை ஒட்டிச் சிறுதொழில் சேவை நிலையங்களும், 1955-ல் தேசிய சிறுதொழில் கார்ப்பரேஷனும் தோன்றின. குழுவினர் ஊர் திரும்பினர், நிலையங்கள் நின்றன. கிண்டியில் பெயர் மாறி இன்றும் இருப்பது அவ்வழி வந்ததே. 1958-ல் அதே கிண்டியில் தொழிற்பேட்டையும் எழுந்தது. அடையாற்றில் 1948-ல் அஸ்திவாரமிடப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமோ, நம்மவர் அறிவே நம்மவர் தொழிலுக்கு வழிகாட்ட வல்லது என்பதற்குச் சாட்சி.

யோசனையால் பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. பம்பாய்ச் சுற்றுப்புறத்து நெசவாலைகள் சிலவற்றில் 2008-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், சரக்குக் கணக்கு, இயந்திரப் பராமரிப்பு, தரப் பரிசோதனை ஆகியவற்றை ஆலோசகர் ஒழுங்குபடுத்த, முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவிகிதம் உயர்ந்தது. ஆனால் அவை நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலைகள். மயிலாப்பூர் மாட வீதியின் சிறு கடைக்காரருக்கும், தியாகராய நகர் ஜவுளிக் கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கும் தையற்காரருக்கும் அதே மருந்து அதே அளவில் பொருந்துமென்று எண்ணுவது விவேகமாகாது.

இப்பொழுது பணம் வரும் முறையையும் கவனிக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய ‘ராம்ப்’ திட்டத்தின் மதிப்பு 6,062 கோடி ரூபாய். இதில் 3,750 கோடி உலக பாங்கின் கடன். கடனுக்கு உபகாரமென்று பெயரிடலாகாது. வட்டியுடன் அடைக்கப் போவது நம் ஜனங்களே. ஆகவே கணக்குக் கேட்கும் பாத்தியதையும் நம்முடையதே. எத்தனை கருத்தரங்குகள் நடந்தன, எத்தனை அறிக்கைகள் அச்சாயின என்பது கணக்கன்று. எத்தனை பட்டறைகளில் கழிவு குறைந்தது, எத்தனை பேருக்கு வேலை கூடியது என்பதே கணக்கு.

அன்றியும், சிறு முதலாளியின் தலையாய நோய் அறியாமையன்று; வராத பாக்கி. சரக்கு வாங்கிய பெரிய கம்பெனிகள் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டுமென்றும், தவறினால் பாங்கு விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டுமென்றும் 2006-ம் வருஷச் சட்டம் விதிக்கிறது. எனினும் நிரந்தர வாடிக்கையை இழக்க அஞ்சி வழக்காடத் துணியாதவர் அநேகர். இந்தத் தாமதத்தைக் குறைப்பதும் ‘ராம்ப்’ திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அதுவே முதல் வேலையாக வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். கையில் காசில்லாதவனுக்குக் கணக்கெழுதும் வித்தையைப் போதிப்பதால் பசி தீராது.

அந்நியர் தயவு நிலையற்றது. அமெரிக்காவின் ‘யு.எஸ்.எய்ட்’ ஸ்தாபனம் 2025 ஜூலை முதல் தேதியுடன் தன் உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. அதை நம்பியிருந்த தேசங்கள் திகைத்து நின்றன. நமக்கு அக்கதி வேண்டாம். வரும் யோசனையை ஏற்போம். ஆனால் அது தமிழில், பட்டறை வாசலுக்கே வரட்டும். ஒவ்வொரு நிபுணருடனும் நம் இளைஞர் இருவர் நின்று கற்கட்டும். அடுத்த தலைமுறைக்கு வெளியார் யோசனை வேண்டாத நிலையை உண்டாக்குவதே இக்கடனுக்கு நாம் தேடும் லாபம்.