ரேஸ் டிராக் வாசலில் ஒரு மீட்டர் வையுங்கள்

வண்டிக்காரன் மறுபடியும் வண்டிப் புராணம் பாட வந்துட்டான்னு ஓடிடாதீங்க :-) இந்தத் தடவை வண்டி போடும் சத்தத்தைப் பற்றி. புனேவில் என் பிழைப்பே வண்டிகளின் சத்தத்தை அளப்பதுதான் என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

இங்கே இருக்கும் நம்ம பசங்க சிலர் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிப்பாளையத்துக்கோ டிராக் டே என்று கிளம்பிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். எக்ஸ்பிரஸ்வேயில் முறுக்குவதை அங்கே போய் முறுக்கட்டும். நம்மில் இன்னொரு கூட்டம், ஊர் திரும்பும் நாளை நினைத்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கிறது. இந்த இரண்டு கூட்டமும் ஒருநாள் முட்டிக்கொள்ளும். முட்டும்போது தோற்கப் போவது டிராக்தான் என்பது என் பயம்.

அதனால் நான் கேட்பது இதுதான். காசு கட்டினால் யாரும் ஓட்டலாம் என்கிற நாட்களில், ஒவ்வொரு டிராக்கிலும் வண்டிக்கு ஒரு டெசிபெல் வரம்பு வேண்டும். வாசலிலேயே மீட்டர் வைத்து அளக்க வேண்டும். மீறுகிற வண்டி, கோடி ரூபாய் வண்டியாக இருந்தாலும், உள்ளே போகக்கூடாது.

"ரேஸ் டிராக்கில் சத்தம் போடாமல் வேறெங்கே போடுறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ரோட்டில் சைலன்சரை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம். போலீஸ் பிடுங்கிய சைலன்சர்களை ரோடு ரோலர் விட்டு நசுக்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மிச்சம் இருக்கும் ஒரே இடம் டிராக். அதிலும் மீட்டரா?

ஆமாம், அதிலும்தான். ஏனென்றால் டிராக்கின் சத்தம் டிராக்கின் சுவரோடு நிற்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. தொழிற்பகுதி என்றால் 75, 70. டிராக்கைச் சுற்றி இன்று தொழிற்பேட்டையும் தரிசும் இருக்கலாம். நாளைக்கு அங்கே அடுக்குமாடி வந்தால் கணக்கே மாறிவிடும்.

"டிராக் முன்னாடியே இருந்துச்சு, தெரிஞ்சுதானே வீடு வாங்கினீங்க" என்ற வாதம் நிற்குமா? இங்கிலாந்தில் நிற்கவில்லை. சஃபோக் மாவட்டத்தில் மில்டன்ஹால் பக்கம் ஒரு ஸ்டேடியம். 1970-களிலிருந்து பைக் பந்தயம், பிறகு கார் பந்தயமும். பின்னால் 1992-லிருந்து மோட்டோகிராஸ் தடம். 2006-ல் ஓர் இணையர் சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு வாங்கினார்கள். சத்தம் தாங்காமல் வழக்கு. நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 பிப்ரவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பு. தொல்லை இருக்கும் இடத்துக்குத் தானாக வந்து குடியேறினார் என்பது மட்டுமே தற்காப்பு ஆகாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் 2009-ல் கிராஃப்ட் என்ற டிராக்குக்கும் இதே கதிதான். சத்தமான நாட்கள் வருஷத்துக்கு 40-க்கு மேல் கூடாது என்று கோர்ட் கட்டிப்போட்டது. நம்ம கோர்ட்டுகளை அந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது. ஆனால் நம்ம வக்கீல்களும் அதைப் படிப்பார்கள்.

அங்கே டிராக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பல இடங்களில் 105 டெசிபெல் என்பது வழக்கமான வரம்பு. புகைக்குழாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மீட்டர். எஞ்சினை முக்கால்வாசி ஆர்.பி.எம்.மில் வைத்து அளப்பார்கள். பாஸானால்தான் உள்ளே. அமெரிக்காவில் லகூனா செக்காவில் தடத்தின் ஓரமே மீட்டர். சாதாரண நாட்களில் 15 மீட்டர் தூரத்தில் 90 அல்லது 92 டெசிபெல். தாண்டினால் கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிடுவார்கள். அமெச்சூர்கள் குழாய் நுனியில் வளைவு மாட்டி, மீட்டருக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டுவது அங்கே சகஜம். ஆட்டம் நின்று போகவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். அரை மீட்டரில் 105 என்றால், பத்து முறை இரட்டித்து 512 மீட்டரில் 45. ஒரே மாதிரி பத்து பைக் சேர்ந்தால் 10 டெசிபெல் கூடி 55. அதாவது குடியிருப்பின் பகல் வரம்பு சரியாக. இப்போது அதில் ஒருத்தர் மட்டும் டிபி கில்லரைக் கழற்றி 115-ல் வருகிறார் என்று வையுங்கள். அவர் ஒருவரே பத்து வண்டிக்குச் சமம். மொத்தம் 58-க்குப் போய்விடும். (காற்று, தரை, முழு த்ராட்டில் எல்லாம் இதை மாற்றும். மனக்கணக்குக்கு இது போதும்.) ஒழுங்காக வந்த ஒன்பது பேரின் அனுமதியையும் சேர்த்து அந்த ஒரு குழாய் தின்றுவிடுகிறது.

சத்தம் குறைந்தால் வேகம் குறையும் என்பதும் சும்மா. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை நாம் கேட்ட ஃபார்முலா ஒன் கார்கள் வி8. காது கிழிந்தது. 2014-ல் டர்போ ஹைப்ரிட் வந்து சத்தம் அடங்கியது, ரசிகர்கள் புலம்பினார்கள். சில வருஷங்களிலேயே அந்த அமைதியான கார்கள் பல தடங்களில் பழைய சாதனைகளை முறியடித்தன.

கடைசியாக, எனக்கு ரொம்ப உறுத்தும் விஷயம். "இப்ப அங்க யாரும் புகார் பண்ணலையே" என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மூன்று ஷிப்ட் ஓடும் தொழிற்சாலைகள். நைட் ஷிப்ட் முடித்தவன் தூங்குவது பகல் பத்து மணிக்கு. சட்டத்தின் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைதான், அவனுக்கு அந்த இரவு கிடையாது. அவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். நாம் புனேவில் இருப்பது போல அவர்கள் அங்கே. வெளியூரில் வாடகை அறையில் இருப்பவன் யாரிடம் போய்ப் புகார் சொல்வான்? பக்கத்து மண்டபத்து ஸ்பீக்கரைப் பற்றி இங்கே நாம் எத்தனை தடவை புகார் கொடுத்திருக்கிறோம்?

ஆகவே டிராக் டே போகும் தம்பிகளே, பணம் கட்டும் முன் "டெசிபெல் வரம்பு என்ன, எப்படி அளப்பீங்க?" என்று கேளுங்கள். டிபி கில்லரைக் கழற்றாமல் போங்கள். மனை வாங்கும் அண்ணன்களே, ஏஜெண்ட் கூட்டிப் போகும் ஞாயிறு காலை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டி ஓடும் நாளில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். டிராக் நடத்துகிறவர்கள் சத்தமான நாட்களின் பட்டியலை முன்கூட்டியே ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கட்டும்.

ஒரு நல்ல மீட்டரின் விலை, ரேஸ் டயர் ஒரு செட்டை விடப் பெரிதாக இருக்காது. கோர்ட் உத்தரவு வந்த பிறகு வாங்கும் மீட்டர் யாருக்கும் உதவாது.